குளியலறைக் கதவின் அகலம்

மார்ச் 4

வாத்தியாரம்மாவுக்கு,

நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். எழுதினால் நீயே சிரிப்பாய் என்று விட்டுவிட்டேன்.

விஷயம் உன் காதுக்கு வந்திருக்கும். மேஸ்திரி உன்னைப் பார்த்துச் சொன்னதாகச் சொன்னான். புதுக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று கயிறு மாட்டிக்கொண்டிருந்தேன். கால் வழுக்கி, இரண்டு மாடி ஆழத்துக்குக் குழியில் போய் விழுந்தேன். தலை தப்பியது, கை தப்பியது. முதுகுத்தண்டு நடுவில் நசுங்கிவிட்டது. தொப்புளுக்குக் கீழே கிள்ளிப் பார்த்தால் பக்கத்துக் கட்டில்காரனைக் கிள்ளுவது போல இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து, இந்த மறுவாழ்வு மையத்தில் கொண்டுவந்து போட்டு இரண்டு வாரமாகிறது.

கால் போனதைக்கூடச் சொல்லிவிடலாம். இன்னொன்றைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மூத்திரம் போவது என் வசத்தில் இல்லை. கட்டில் ஓரத்தில் ஒரு பை தொங்குகிறது. அது நிறைவதைப் பார்த்துத்தான் நான் போயிருக்கிறேன் என்றே எனக்குத் தெரிகிறது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். படம் போட்டுக் காட்டினார். வயிற்றுக்குள் இருக்கும் மூத்திரப்பை நிறைய நிறைய அதன் சுவர் இழுபடுமாம். அந்தச் செய்தி முதுகுத்தண்டு வழியாக மூளைக்கு ஏறும். மூளை, 'இப்ப வேணாம், பொறு' என்று பதில் அனுப்பும். அதுவரை ஒரு நரம்புக் கூட்டம் பையைத் தளர்த்தி வைத்து, கீழ்க் கதவை இறுக்கிப் பிடித்திருக்கும். இடமும் நேரமும் பார்த்து மூளை 'சரி' என்றதும், வேறொரு நரம்புக் கூட்டம் பையைப் பிழியும். அதே நொடியில் கதவும் திறக்கும். "இவ்வளவுதானா டாக்டர்? மேலே மெஷின் ரூம், கீழே கூண்டு, நடுவுல கேபிள். என்னுதுல கேபிள் அறுந்துபோச்சு" என்றேன். அவரே சிரித்துவிட்டார். இப்போதைக்குக் கீழே உள்ள நரம்புகளும் விழுந்த அதிர்ச்சியில் மரத்துப்போய்க் கிடக்கின்றனவாம்.

கூடிய சீக்கிரம் இந்தப் பையை எடுத்துவிட்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் செலுத்தி எடுப்பார்கள். வீட்டுக்குப் போவதென்றால் வீட்டு ஆள் ஒருவர் பத்து நாள் இங்கே தங்கி அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். அக்கா வந்தாள். பையைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்று, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று நீயே யோசித்துப் பார். என் போன் குழியில் விழுந்து உடைந்துவிட்டது. கடிதம் போடு.

இன்னும் உன் வீட்டுக்காரன்தான்.


மார்ச் 12

லிஃப்ட் மெக்கானிக் அவர்களுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டு வருடமாக ஒரு வரி கிடையாது. மேஸ்திரி வந்து சொன்ன அன்று நான் அழுதேன். அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

எந்த வேலைக்கு என்று ஞாபகம் இருக்கிறதா? வாத்தியாரம்மா என்று நீங்கள் கேலி செய்வீர்களே, அதே குழந்தைகள் காப்பகத்து ஆயா வேலைதான். அதே ஈரத்துணி வாளி, அதே சின்ன நாற்காலிகள். நீங்கள் வீட்டை விட்டுப் போன அன்று தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னீர்களே, "ஊர்ப் பிள்ளைங்க மூத்திர நாத்தத்தை வீட்டுக்குள்ள கொண்டு வர்ற. உன் கையால வாங்கித் தின்ன குமட்டுது" என்று. நான் குளித்து, தலை துவட்டி, புடவை மாற்றித்தான் சமைத்திருந்தேன். அதற்குப் பிறகும் எத்தனையோ நாள் என் கையை நானே முகர்ந்து பார்த்திருக்கிறேன். சோப்பு வாசனைதான் வந்தது.

ஆகவே வருவதாக இல்லை. என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். தண்ணீர் ஒழுங்காகக் குடிக்கிறீர்களா? பை நிறையுமே என்று குடிக்காமல் இருப்பீர்கள். உங்கள் வீம்பு எனக்குத் தெரியாதா? என் காப்பகத்துப் பிள்ளைகளும் அப்படித்தான், ஒருமுறை நனைத்துவிட்டுத் திட்டு வாங்கினால் அடுத்த நாள் டம்ளரைத் தொடமாட்டார்கள். அது நல்லதில்லை. குடியுங்கள்.

இப்போது இங்கே ஒரு பெண் குழந்தை வந்திருக்கிறாள். சண்டிராணி என்று கூப்பிடுகிறோம். விளையாடிக்கொண்டே நின்ற இடத்தில் போய்விட்டு, தரையைப் பார்த்து, "யாரு கொட்டினது?" என்று கேட்கிறாள். நடிப்பு இல்லை. நிஜமாகவே அவளுக்குத் தெரியாது. அடிவயிறு நிறைந்ததும் கீழே இருக்கிற நரம்பே முடிவு செய்து அனுப்பிவிடுகிறது. மேலே கேட்டுக்கொண்டு செய்யும் பழக்கம் இனிமேல்தான் வரும்.

போன் வாங்கினாலும் கூப்பிடாதீர்கள். போனில் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுவேன். கடிதத்தில் கத்த முடியாது.

இரண்டு பருத்தித் துண்டு அனுப்பியிருக்கிறேன். ஆஸ்பத்திரித் துண்டு சொரசொரப்பாக இருக்கும்.

காப்பகத்து ஆயா.


மார்ச் 25

வாத்தியாரம்மா,

நீ எங்கிருந்து பார்த்தாய் என்று தெரியவில்லை. தண்ணீரைக் குறைத்தேன். ஒரு வாரம் குளிர்க்காய்ச்சலில் கட்டிலே ஆடியது. சிஸ்டர் வந்து, "உங்களுக்கெல்லாம் படிச்சுப் படிச்சுச் சொல்லணும், குடிக்கலைன்னா கிருமிதான் குடியேறும்" என்று பிடி பிடியென்று பிடித்துவிட்டார். இப்போது குடிக்கிறேன்.

பையை எடுத்துவிட்டார்கள். குழாய்தான். பகலில் பரவாயில்லை. சிஸ்டர் வர நேரமானால் அடிவயிறு உப்பிக்கிடப்பதைத் தொட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். முட்டுகிறது, எரிகிறது என்று ஒன்றும் கிடையாது. அப்படியே விட்டால் நீர் மேலேறிப் போய் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமாம். எத்தனை முறை வேலை நடுவில் அடக்கிக்கொண்டு கூண்டு மேல் நின்றிருப்பேன், அப்போது அந்த முட்டலைச் சனியன் என்று திட்டியிருக்கிறேன். இன்று அது ஒருமுறை வந்தால் போதும் என்றிருக்கிறது.

உன் துண்டுதான் தலைமாட்டில் இருக்கிறது. நம் வீட்டு அலமாரி வாசனை அடிக்கிறது. பழைய பேச்சை எல்லாம் இன்னும் மடியில் கட்டிக்கொண்டிருக்கிறாய். கோபத்தில் மனுஷன் ஆயிரம் சொல்வான். அதை விடு.

என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. ஜன்னல் ஓரத்தில் ஒரு கட்டில் போட்டால் போதும். வாயைத் திறக்கமாட்டேன். கொடுத்ததைத் தின்பேன். இந்தப் பெரிய அறையில் எல்லோருக்கும் யாராவது வருகிறார்கள். எனக்கு வரும் ஒரே ஆள் குழாயோடு வரும் சிஸ்டர்தான்.

உன் பதிலுக்காகக் கண் பூத்துக் கிடக்கும்,
உன்னவன்.


ஏப்ரல் 9

என்னங்க,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நாலு நாள் என் மேலேயே எரிச்சலாக இருந்தேன். வாயைத் திறக்கமாட்டேன் என்கிறீர்கள். நீங்கள் வாயை மூடி நான் பார்த்ததே இல்லை, அதைப் பார்க்கவாவது கூட்டிவர வேண்டும்.

காப்பகத்தில் விடுப்பு கேட்டுவிட்டேன். இன்னொரு ஆயா என் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். இந்த மாதக் கடைசியில் வருகிறேன். குழாய் போடுவதற்கு எனக்குப் பயமில்லை. கையைக் கழுவ எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சக்கர நாற்காலி நம் குளியலறைக்குள் போகாது என்று திடீரென்று உறைத்தது. பரண் மேல் நீங்கள் விட்டுப்போன டூல்ஸ் பெட்டியில் அளவு டேப் இருந்தது. துருப்பிடித்திருந்தாலும் இழுத்தால் வருகிறது. அதை வைத்து அளந்தேன். சிஸ்டரிடம் போன் செய்து நாற்காலியின் அகலத்தையும் கேட்டுக்கொண்டேன். ஒரு சாண் பற்றவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் கெஞ்சி அனுமதி வாங்கிவிட்டேன். கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். பக்கத்துச் சுவரை இடித்து, நிலையைப் பெயர்த்து, புதுக் கதவு போடலாம் என்றார்.

கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது. திரை தைத்துப் போடுகிறேன்.

நீங்கள் அன்று சொன்னதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மறக்கவில்லை. ஓரமாக வைத்திருக்கிறேன். வந்த பிறகு ஒருநாள் நீங்களாகவே அதைப் பற்றி ஏதாவது சொல்வீர்கள் என்று ஒரு நப்பாசை.

சண்டிராணி நேற்று முதல் முறையாக என் புடவையைப் பிடித்து இழுத்தாள். நான் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் பாதி வழியில் போய்விட்டாள். ஆனாலும் வருகிறது என்று தெரிந்திருக்கிறது அல்லவா? எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உங்கள் வாத்தியாரம்மா.


ஏப்ரல் 20

வாத்தியாரம்மா!

உட்கார்ந்துகொண்டு படி. நரம்பு சேர்ந்துவிட்டது!

முந்தாநாள் சிஸ்டர் உடம்பு துடைத்துக்கொண்டிருந்தார். உன் துண்டுதான். தொடையின் உள்பக்கம் துடைத்தபோது, குழாய் இல்லாமல், யாரும் சொல்லாமல், பீறிட்டு அடித்தது. சிஸ்டரின் முன்கை முழுக்க நனைந்துவிட்டது. அதே நேரம் வலது கால் விருக்கென்று மடங்கி உதைத்தது! செத்த கால் உதைக்குமா? நேற்று நானே தொடையைத் தட்டிப் பார்த்தேன். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் வந்தது. அறையே கைதட்டியது. டாக்டர் லீவில் இருக்கிறார். "அவங்க வரட்டும், அதுக்குள்ள ஆட்டம் போடாதீங்க" என்றார் சிஸ்டர். அவருக்கு என்ன தெரியும். கேபிள் சேர்ந்தால் கூண்டு நகரும். இருபது வருடம் இதைத்தானே பார்த்தேன்.

அதனால் நீ வர வேண்டியதில்லை. விடுப்பை வீணாக்காதே. கதவையும் இடிக்காதே. நடந்து போகிறவனுக்கு எதற்கு அகலக் கதவு?

இன்னொன்றையும் இப்போதே பேசிவிடுவது நல்லது. இங்கிருந்து கிளம்பியதும் நேராக மேஸ்திரி அறைக்குப் போகலாம் என்று பார்க்கிறேன். அவனும் வரச்சொல்கிறான். பழையபடி வேலையில் நின்ற பிறகு நம் விஷயத்தை யோசிக்கலாம். அதற்குள் நீயும் அந்த ஆயா வேலையை விடுவதைப் பற்றி ஒரு முடிவுக்கு வா. முன்பே சொன்னதுதான். மறுபடியும் அந்த வாடைக்குள் வந்து என்னால் உட்கார முடியாது. படுக்கையில் கிடந்தபோது ஏதேதோ எழுதியிருப்பேன். உடம்பு சரியில்லாதவன் எழுதியதைப் பிடித்துக்கொண்டு தொங்காதே.

சந்தோஷத்தில் கை ஓடவில்லை. காப்பகத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மிட்டாய் வாங்கிக் கொடு.

உன் லிஃப்ட் மெக்கானிக்.


ஏப்ரல் 27

உங்களுக்கு,

மிட்டாய் வாங்கவில்லை.

ஒரே ஒரு கேள்வி. வருவதற்கு முன்னால் வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்ததா? அல்லது நனைந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டீர்களா? நான் குழந்தைகளிடம் தினமும் கேட்கிற கேள்வி இது. உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பீறிட்டது, நனைந்தது, உதைத்தது என்று இருக்கிறது. முட்டியது என்று எங்கேயும் இல்லை. போன மாதம் அந்த முட்டலுக்காக ஏங்கி எழுதிய ஆள் நீங்கள். அது வந்திருந்தால் முதல் வரியில் எழுதியிருப்பீர்கள்.

எனக்குத் தெரிந்தது சண்டிராணி கதைதான். கீழே இருக்கிற நரம்பு மரத்துப்போய்க் கிடந்தது என்று நீங்களே எழுதினீர்கள். இப்போது விழித்துக்கொண்டு, மேலிருந்து ஒரு சொல்லும் வராததால், அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கிறது. தட்டினால் அனுப்புகிறது. டாக்டர் வந்ததும் கேளுங்கள். நான் சொல்வது தப்பாக இருந்தால் எனக்கு நிம்மதிதான்.

கதவு போன திங்கட்கிழமையே போட்டாகிவிட்டது. உங்கள் கடிதம் வந்தபோது கொத்தனார் சிமென்ட் பூசிக்கொண்டிருந்தார். நான் அந்தப் புது வழியில் நின்றுகொண்டுதான் அதைப் பிரித்துப் படித்தேன்.

முடியாமல் கிடந்தபோது ஜன்னல் ஓரக் கட்டில் கேட்டீர்கள். முடியும் என்று ஒரே ஒரு நாள் தோன்றியது, உடனே என்னிடமிருந்து வாடை வர ஆரம்பித்துவிட்டது. நீங்கள் கால் ஊன்றி நிற்கக்கூட இல்லை. நிற்கலாம் என்று நினைத்ததற்கே இந்தப் பேச்சு. நிஜமாகவே நின்றிருந்தால் என்னவெல்லாம் கேட்டிருப்பேனோ. எனக்கு வலிக்கிறது. இந்த முறை கையை முகர்ந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

விடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நான்.


மே 11

என் அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

டாக்டர் வந்துவிட்டார். நீ சொன்னதுதான். முதுகுத்தண்டின் அடிப்பகுதி தானாகவே வேலை செய்கிறதாம். கால் உதைப்பதும் அதே கதைதானாம். மூளையோடு ஒரு ஒட்டும் இல்லை.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. கம்ப்யூட்டரில் அழுத்தம் அளந்து பார்த்தார்கள். மூத்திரப்பை பிழிகிற நேரத்தில் கீழ்க் கதவும் சேர்ந்து இறுகுகிறதாம். இரண்டையும் ஒத்துப்போக வைக்கிற இடம் மூளையின் அடியில் இருக்கிறது. அந்தக் கட்டளை இறங்கி வர வழியில்லை. பிரேக் பிடித்தபடியே மோட்டார் ஓடினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். நான் தட்டித் தட்டிச் சந்தோஷப்பட்டதெல்லாம் உள்ளே மேல் பக்கமாகத் தள்ளியிருக்கிறது. பாதி நீர் உள்ளேயே தங்கிவிட்டது. சிறுநீரகம் லேசாக வீங்கியிருக்கிறதாம். பையை அடக்கி வைக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இனிமேல் ஆயுசுக்கும் குழாய்தான்.

மேஸ்திரியிடம் சொல்லியனுப்பினேன். அறை மூன்றாவது மாடி, படிக்கட்டுதான் என்று பதில் வந்தது. லிஃப்ட் போடுகிறவர்கள் குடியிருக்கிற வீட்டில் லிஃப்ட் இல்லை, சிரிப்பாக இல்லையா?

போன கடிதத்தில் சந்தோஷத்தில் ஏதோ கிறுக்கிவிட்டேன். உனக்கு எல்லாமே பெரிதாகத்தான் தெரியும். ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்கிறாய், கட்டினவனுக்குச் செய்ய மனம் வராதா? நீ கற்றுக்கொண்டால்தான் நான் இங்கிருந்து கிளம்ப முடியும். வேலைக்கு வேண்டுமானால் போய்க்கொள், நான் ஒன்றும் சொல்லவில்லை. கதவுதான் போட்டாகிவிட்டதே. வந்துவிடு.

உன்னையே நம்பியிருக்கும்,
உன் வீட்டுக்காரன்.


மே 24

லிஃப்ட் மெக்கானிக் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சிறுநீரகம் வீங்கியிருக்கிறது என்ற இடத்தை இரண்டு முறை படித்தேன். அன்று மாலையே சிஸ்டரைக் கூப்பிட்டேன். மறுபடியும் விடுப்பு கிடைக்குமா என்று காப்பகத்தில் கேட்டுவிட்டுத்தான் கூப்பிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"நான் எப்ப வந்து குழாய் போடக் கத்துக்கணும் சிஸ்டர்?" என்றேன். "நீங்க எதுக்கும்மா கத்துக்கணும்? கை நல்லா இருக்கிறவங்க எல்லாரும் அவங்களேதான் போட்டுக்குறாங்க. பக்கத்துக் கட்டில் ஐயா ஒரு வாரத்துல கத்துக்கிட்டாரு. உங்க வீட்டுக்காரர்கிட்ட வந்த முதல் வாரமே சொன்னோம். அதெல்லாம் என் சம்சாரம் வந்து செய்வா, இந்த வேலை அவளுக்குப் பழக்கம்னு சொல்லிட்டாரு. அதுக்கு மேல நாங்க என்ன செய்ய?" என்றார்.

முதல் வாரமே என்றால், எனக்கு நீங்கள் எழுதிய முதல் கடிதத்துக்கும் முன்னால். வீட்டு ஆள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதினீர்கள். உங்கள் கை தப்பியது என்றும் அதே கடிதத்தில்தான் எழுதினீர்கள். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

என்னிடம் உதவி கேட்டிருந்தால் வந்திருப்பேன். இதைத் தெளிவாக எழுதுகிறேன், பின்னால் சந்தேகம் வரக்கூடாது. வாடைக்காரி என்று விட்டுப்போன அதே கைதான் உங்களுக்கு வேண்டும், ஆனால் அது வாடைக்காரி கையாகவே இருக்க வேண்டும். அது என்னால் ஆகாது.

தொடையைத் தட்டாதீர்கள். நேரம் தவறாமல் குழாய் போடுங்கள், கையைக் கழுவிவிட்டு. மாத்திரையால் வாய் வறளும், அதற்காக இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்காதீர்கள், சிஸ்டர் சொல்லும் அளவுக்குக் குடியுங்கள். நாளையிலிருந்து உங்களுக்குக் கற்றுத்தருவதாக அவர் என்னிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். முரண்டு பிடித்தால் அவர் என்னைவிடக் கோபக்காரர். கற்றுக்கொண்டவர்கள் தங்குவதற்கு மையத்துக்குப் பின்னால் சாய்தளம் வைத்த அறைகள் இருக்கின்றனவாம், உங்கள் பெயரைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அளவு டேப்பையும் டூல்ஸ் பெட்டியையும் மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிட்டேன்.

சண்டிராணி இப்போதெல்லாம் வந்து சொல்லிவிடுகிறாள்.

நேற்று கொத்தனாரைக் கூப்பிட்டுக் குளியலறைக் கதவைப் பழையபடி சின்னதாக்கச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏம்மா, போன மாசம்தானே கஷ்டப்பட்டு இடிச்சோம்? என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"நான்தான் அளவு தப்பா எடுத்துட்டேன்" என்றேன்.

காப்பகத்து ஆயா.